மலையகத்து நீரும் களனிதிஸ்ஸ வாயுச் சுழலியும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் தலவாக்கலைக்கு அருகே, மேல் கொத்மலைத் திட்டத்துக்காக வீடு மாறிய குடும்பங்களின் கூட்டமொன்றுக்கு நாம் போயிருந்தோம். மேசை நடுவே ஒரு மெழுகுதிரி. பேச வேண்டியிருந்தது மரக்கறி விதைக் கடனைப் பற்றி. பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார்.

"பாதர், தண்ணி நம்ம பக்கம் இருக்கு. அதுக்காகத்தான் வீட்டையே விட்டுக் குடுத்தோம். கொழும்புல டீசல் இல்லேன்னா இங்க ஏன் லைட்டு போகுது?"

நாட்டின் மின்கம்பிகள் யாவும் ஒரே வலை, ஒரு பக்கம் குறைந்தால் எல்லாப் பக்கமும் குறையும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அந்த விடை அவருக்கும் போதவில்லை, எமக்கும் போதவில்லை. பிறகு கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். கதை கொழும்பிலுள்ள ஓர் எண்ணெய் மின் நிலையத்தைப் பற்றியது. ஆனால் அது அணைகளுக்காக நிலம் இழந்த ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுகின்ற கதை.

மலையில் தொடங்கியது

இலங்கையின் நீர்மின் கதை டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளரோடு தொடங்குகிறது. மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் மலையிலிருந்து விழும் வேகத்தைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று அவர் 1918இல் கட்டுரை வாசித்தார். 1924இல் தொடங்கிய வேலை சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. அவர் 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கேயும் இதற்காக வாதாடினார். பழைய லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியபோது ஆண்டு 1950. அவர் 1953இல் காலமானார். தம் கனவு எரியும் விளக்காக மாறியதை மூன்று ஆண்டுகளாவது பார்த்தார் என்பதில் எமக்கு ஓர் ஆறுதல்.

அதன் பின் வந்தவை எமது வாசகர்களுக்குத் தெரிந்தவையே. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரில் ஓடும் விமலசுரேந்திர நிலையம் 1965இல் வந்தது. மவுசாக்கலை அணை 1969இல் கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. 1985இல் கொத்மலை வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழுந்து போயின. சிலருக்கு அருகிலிருந்த தோட்டங்களில் தேயிலைக் காணி கிடைத்தது. மற்றவர்கள் மகாவலி வலயங்களில் வயற்காணி பெற்று, குளிரிலிருந்து வெயிலுக்குப் போனார்கள். (அந்தத் தேயிலைக் காணிகளில் அதுவரை கொழுந்தெடுத்த தொழிலாளர் குடும்பங்களின் பாடு வேறு கதை. அதை இன்னொரு முறை எழுத வேண்டும்.) கடைசியாக மேல் கொத்மலை: ஜப்பானியக் கடனில், சென். கிளயார் நீர்வீழ்ச்சியைக் காக்க வேண்டும் என்ற போராட்டங்களின் நடுவே, 2006இல் கட்டுமானம் தொடங்கி 2012இல் 150 மெகாவொட் நிலையமாக முடிந்தது. தலவாக்கலையில் மேலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு மாறின.

இத்தனையும் நடந்துகொண்டிருந்த காலத்தில் லயன்களின் மேலாக உயர் அழுத்தக் கம்பிகள் கொழும்பை நோக்கிப் போயின. கீழே லயன் அறைகளில் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இது ஒருபுறம் இருக்க, அந்தக் கம்பிகளின் மறு முனைக்குப் போவோம்.

ஆற்றின் மறு முனை

கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆறாகின்றன. அந்த ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்பாக, கொழும்பு நகரின் விளிம்பில், அதன் கரையிலே களனிதிஸ்ஸ மின் நிலையம் நிற்கிறது. காசல்ரீயிலும் லக்ஷபானவிலும் வேலை செய்து முடித்த அதே நீர்தான் அதன் பக்கத்தால் ஓடுகிறது.

1960களின் முற்பகுதியில் அங்கே முதலில் வந்தது நீராவி நிலையம். எண்ணெயை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியால் சுழலியைத் திருப்பும் பழைய முறை. அப்படிப்பட்ட நிலையத்துக்கு ஆவியைக் குளிரவைக்க நிறையத் தண்ணீர் வேண்டும். ஆகவே ஆற்றங்கரை. அந்நாளில் அது நீர்மின் நிலையங்களுக்குத் துணைப் பிள்ளை மாதிரி. மழை குறைந்தால் மட்டும் எழுப்பப்படும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் மின்சாரத் தேவை மளமளவென்று ஏறியது. மகாவலி அணைகளோ இன்னும் கட்டி முடியவில்லை. ஓர் அணை கட்ட ஆறேழு ஆண்டுகள் வேண்டும். வாயுச் சுழலியைக் கப்பலில் இறக்கிப் பூட்டி ஓடவிட ஓராண்டு ஈராண்டு போதும். ஆகவே 1980களின் தொடக்கத்தில் களனிதிஸ்ஸவில் 20 மெகாவொட் வீதம் ஆறு வாயுச் சுழலிகள் நிறுவப்பட்டன. நீர்த்தேக்கங்கள் நிறையும் வரை நாட்டைத் தாங்கிப் பிடிப்பதே அவற்றின் வேலை.

1984இல் விக்டோரியா, மறு ஆண்டில் கொத்மலை. எண்ணெய்ப் புகை ஏறத்தாழ நின்றது. 1990களின் நடுவில் நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்தே வந்தது. இதை அன்று பெருமையாகப் பேசினார்கள். பெருமை 1996 வரை நின்றது. அந்த ஆண்டு மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் அடி தெரிய வற்ற, நாளுக்குப் பல மணி நேரம் நாடு இருளில் கிடந்தது. முட்டைகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

அடுத்த ஆண்டே, 1997இல், களனிதிஸ்ஸவுக்கு 115 மெகாவொட் வாயுச் சுழலி ஒன்று வந்தது. 2002-2003 காலத்தில் 165 மெகாவொட் கூட்டுச் சுழற்சி நிலையமும், அதே வளாகத்தின் அயலில் ஏறக்குறைய அதே அளவான தனியார் நிலையமும் ஓடத் தொடங்கின. கெரவலப்பிட்டியவில் 300 மெகாவொட் யுகதனவி நிலையம் 2008 முதல் 2010 வரை இரண்டு கட்டங்களாக எழுந்தது. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவொட்டாக நிறைவுற்றது. பழைய 20 மெகாவொட் இயந்திரங்களில் பல ஓய்வு பெற்றுவிட்டன.

சுழலிக்குள் நடப்பது

வாயுச் சுழலி என்றதும் பலர் சமையல் எரிவாயுச் சிலிண்டரை நினைக்கிறார்கள். பெயர்தான் அப்படி மயக்குகிறது. இங்கே வாயு என்பது எரிபொருளைக் குறிப்பதல்ல, சுழலியைத் திருப்பும் சூடான காற்றையே குறிப்பது. களனிதிஸ்ஸவில் இத்தனை ஆண்டுகளும் எரிந்தவை டீசலும் நாப்தாவும்தான். நாப்தா என்பது சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மசகெண்ணெயைக் காய்ச்சும்போது மேலே பிரிந்து வருகின்ற, சட்டென்று தீப்பற்றும் இலேசான எண்ணெய். உள்நாட்டில் கிடைத்த மிச்சப் பொருளைப் பயனாக்கியது கெட்டித்தனம்தான். ஆனால் சுத்திகரிப்பு நிலையம் நின்றால் நாப்தாவும் நின்றுவிடும். மசகெண்ணெய் வாங்கக் காசில்லாமல் 2021 நவம்பரில் அது மூடப்பட்டபோது இந்தக் கண்ணியும் அறுந்தது.

இயந்திரத்துக்குள் நடப்பதை மூன்று அறைகளாக நினைத்துக்கொள்ளலாம். முதல் அறையில் விசிறி இலைகள் வரிசை வரிசையாகச் சுழன்று வெளிக் காற்றை இழுத்து இறுக்குகின்றன. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அடித்தால் பம்பு சுடுகிறதல்லவா? இறுக்கிய காற்று இங்கும் அப்படித்தான் சூடேறுகிறது. இரண்டாவது அறையில் அந்தக் காற்றுக்குள் எரிபொருள் தூவப்பட்டு எரிகிறது. சூடு ஆயிரம் பாகை செல்சியசைத் தாண்டும். மூன்றாவது அறையில் அந்த அனற்காற்று விரிந்து பாய்ந்து சுழலியின் இலைகளைத் தள்ளுகிறது. சுழலியின் அச்சில் பூட்டிய மின்பிறப்பாக்கி மின்சாரம் தருகிறது. விமானத்தின் ஜெட் இயந்திரமும் இதே இனந்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுழலி தரும் வலுவில் பாதிக்கு மேல், முன்னறையில் காற்றை இறுக்குவதற்கே போய்விடுகிறது. மிச்சம்தான் மின்சாரம். காற்று இறுகுவது அதன் அடர்த்தியைப் பொறுத்தது. கொழும்பின் நண்பகல் வெயிலில் காற்று மெலிந்திருப்பதால் இயந்திரத்தின் வலு குறையும். அப்படியானால் குளிரான நுவரெலியாவில் வைக்கலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். உயரத்திலும் காற்று மெலிதுதான்.

பெரிய நட்டம் வேறிடத்தில். வேலை முடிந்து புகைபோக்கியால் வெளியேறும் காற்று இன்னும் 500 பாகை அளவில் கொதிக்கிறது. பழைய 20 மெகாவொட் இயந்திரங்கள் அதை அப்படியே வானத்துக்கு விட்டன. நாலு லீற்றர் டீசல் எரித்தால் மூன்று லீற்றரின் சூடு வீண்.

எமது வாசகர்களில் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இதன் பரிகாரம் உடனே விளங்கும். பழைய ஸ்டோர்களில் டிரையர் கீழே இருக்கும், கொழுந்து வாட்டும் மாடி மேலே இருக்கும். டிரையர் பக்கத்துச் சூட்டுக் காற்றை மேலே இழுத்துவிட்டால் மழை நாளிலும் கொழுந்து வாடும். ஒரு விறகுக்கு இரண்டு வேலை. கூட்டுச் சுழற்சி நிலையமும் அதையே செய்கிறது. சுழலியை விட்டு வெளியேறும் அனற்காற்றை ஒரு பொய்லருக்குள் செலுத்தி, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் இரண்டாவது சுழலி ஒன்றைத் திருப்புகிறார்கள். களனிதிஸ்ஸவின் 165 மெகாவொட்டில் ஏறக்குறைய 110 வாயுச் சுழலியிலிருந்தும் 55 ஆவிச் சுழலியிலிருந்தும் வருகிறது. அந்த 55க்கு ஒரு துளி எண்ணெயும் கூடுதலாக எரிக்கப்படுவதில்லை. முன்னர் புகையோடு போனதுதான் மூன்றிலொரு பங்கு மின்சாரமாகிறது.

ஆயிரம் லீற்றர் தண்ணீரின் விலை

இனி எமது பக்கத்துக் கணக்கு. காசல்ரீயின் நீர் விமலசுரேந்திர நிலையத்திலும், பழைய லக்ஷபானவிலும், பொல்பிட்டியவிலும் என்று மூன்று முறை சுழலிகளைத் திருப்பியபின்தான் விடுதலை பெறுகிறது. மவுசாக்கலை நீரும் அப்படியே: கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய. மேலிருந்து கீழ்வரை மொத்த வீழ்ச்சி ஏறக்குறைய 900 மீற்றர்.

ஒரு கன மீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் தண்ணீர், 900 மீற்றர் விழுந்தால் வழியில் ஏற்படும் நட்டங்கள் போக ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதே இரண்டு யூனிட்டைப் பழைய வாயுச் சுழலியில் பெற எண்பது சதவீத லீற்றர் டீசல் எரிய வேண்டும். நல்ல கூட்டுச் சுழற்சி நிலையத்தில் அரை லீற்றர் அளவில் முடியும். கணக்கு அண்ணளவானது. ஆனால் அளவு புரிகிறது: மலையில் நிற்கும் ஆயிரம் லீற்றர் தண்ணீர் கொழும்பில் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றருக்குக் கிட்டிய டீசலுக்குச் சமம்.

மவுசாக்கலை நிறைந்தால் கொள்ளும் நீர் 12 கோடி கன மீற்றருக்குச் சற்று மேல். அத்தனையும் மூன்று நிலையங்களாலும் இறங்கினால் 24 கோடி யூனிட்டுக்கு மேல். சிக்கனமான நிலையத்தில் எரித்தாலும் 5 கோடி லீற்றருக்கு மேற்பட்ட டீசல் மிச்சம். நிறைந்த ஒரு நீர்த்தேக்கம் ஒரு தடவைக்குத் தருவது இது. அணை 1969இலிருந்து நிற்கிறது. பழைய மஸ்கெலியாவில் கடையும் வீடும் வைத்திருந்தவர்களுக்கு அன்று கொடுக்கப்பட்ட நட்டஈட்டை இந்தக் கணக்கின் பக்கத்தில் எழுதிப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை.

நீர்மின்சாரம் மலிவு என்று எல்லாரும் சொல்கிறோம். சீமெந்துக்கும் இரும்புக்கும் கணக்கு வைத்து, எழுந்து போனவர்களின் மண்ணுக்கு ஒரு முறை மட்டும் விலை போட்டால் மலிவாகத்தான் தெரியும்.

தண்ணீர் யாருக்கு?

பெரியவரின் கேள்விக்கு இப்போது வருவோம். இன்று பெரிய நீர்மின் நிலையங்கள் தருவது நாட்டின் தேவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. மழையைப் பொறுத்து ஏறி இறங்கும். மிச்சத்தின் பெரும் பகுதியை நிலக்கரியும் எண்ணெயும் தாங்குகின்றன. 2022 தொடக்கத்தில் டொலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பல்கள் வரவில்லை. களனிதிஸ்ஸவும் மற்ற எண்ணெய் நிலையங்களும் எரிபொருளின்றி நின்றன. அதே வேளை வறட்சிக் காலம். இருந்த தண்ணீரை எல்லாம் இரவு பகலாக இறக்கியிருந்தால் விளக்கு இன்னும் சில நாள் எரிந்திருக்கும், பிறகு அணையிலும் ஒன்றும் இருந்திராது. ஆகவே தண்ணீரைப் பிடித்துவைத்து, வெட்டு நேரத்தைக் கூட்டினார்கள். தலவாக்கலையின் விளக்கு அணைந்தது அதனால்தான்.

வெளிச்சம் போனதோடு இது முடிந்தால் பரவாயில்லை. வயலுக்குப் போகும் நீரையும் இது தொடுகிறது. 2023 ஓகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். வளவை ஆற்றின் மேலே சமனலவெவ நீர்த்தேக்கம், 120 மெகாவொட். கீழே உடவளவை, அதை நம்பிச் சிறுபோக நெல். வறட்சியில் உடவளவை வற்றியது. நெல் குடலை பருவத்தில் வாடியது. மேலே இருந்த நீரைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் எம்பிலிப்பிட்டியவில் வீதிக்கு வந்தார்கள். திறந்தால் தென் மாகாணத்துக்கு மின்வெட்டு வரும் என்றது மின்சாரத் தரப்பு. இழுபறியில் நாட்கள் போயின. இறுதியில் அமைச்சரவை நீரைத் திறக்க முடிவு செய்தது. மின் குறைவை ஈடு செய்ய அனல் மின்சாரத்தை அவசரமாக விலைக்கு வாங்க வேண்டி வந்தது. நீர் போய்ச் சேருமுன் பல வயல்கள் பட்டுவிட்டன.

இங்கேதான் நாம் சொல்ல வந்தது இருக்கிறது. எண்ணெய் நிலையத்தில் இயந்திரமும் எரிபொருளும் ஆயத்தமாக இருந்தால், நீரை வயலுக்கு விடும் துணிவு அதிகாரிகளுக்கு வரும். அது ஆயத்தமில்லாத ஆண்டில் அணை நீர் முழுவதும் சுழலிக்கே உரியதாகிவிடும். கொத்மலையிலிருந்து மகாவலி வலயங்களுக்குப் போன உறவினர் நீருக்காகக் காத்திருக்கும்போது, அவர்களுடைய வாய்க்காலின் ஒரு மதகு களனிதிஸ்ஸவில் இருக்கிறது என்றே சொல்லலாம். அணையை மட்டும் பார்த்து நியாயம் கேட்பவர் பாதி நியாயத்தையே கேட்கிறார்.

மெய்யான எரிவாயு வருமா?

வாயுச் சுழலிக்கு மிகப் பொருத்தமான உணவு இயற்கை வாயுதான். நிலக்கரியோடு பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு வெளிவரும் கரியமில வாயு ஏறக்குறைய பாதி. சாம்பல் இல்லை. சுழலி இலைகளும் நெடுநாள் உழைக்கும். புதிய கூட்டுச் சுழற்சி நிலையங்கள் இயற்கை வாயுவில் எரிபொருளின் சக்தியில் அறுபது வீதம் வரை மின்சாரமாக்குகின்றன. யுகதனவி நிலையத்தையே பின்னர் வாயுவுக்கு மாற்றும் எண்ணத்தோடுதான் கட்டினார்கள்.

மன்னார்க் கடலடியில் 2011இல் வாயு கண்டுபிடிக்கப்பட்டது. எடுக்கப்படவில்லை. ஆகவே வெளிநாட்டிலிருந்து திரவமாகக் குளிர்வித்துக் கப்பலில் கொண்டுவர வேண்டும். அதற்கு இறக்குமுனையமும் குழாயும் வேண்டும். 2021இல் அமெரிக்க நிறுவனமொன்றோடு செய்த உடன்படிக்கை பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, நிறைவேறாமற் போனது. 2024இல் கெரவலப்பிட்டியவில் 350 மெகாவொட் சோபாதனவி நிலையத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்டபோதும் வாயு இறக்க முனையம் இருக்கவில்லை. வாயுவுக்கென்று கட்டப்பட்ட நிலையம் டீசலில் வேலையைத் தொடங்கியது. நெல் குற்றும் ஆலையைக் கட்டிவிட்டு வீதி போட மறந்த கதைதான்.

வாயு வந்தாலும் அது டொலர் கொடுத்து வாங்கும் பொருள் என்பதை மறக்கலாகாது. ஐரோப்பாவில் போர் மூண்ட 2022இல் உலகச் சந்தையில் அதன் விலை பல மடங்கு ஏறிற்று.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. கூரைகளில் சூரிய மின்தகடுகள் பெருகுகின்றன. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரம் சூரியன் கைவிட்டுவிடுகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு தாவியதில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பழித்து எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது விடுமுறை நாளின் நண்பகல், சூரிய மின்சாரம் நிறைந்திருந்த வேளை. வலையில் ஓர் அதிர்ச்சி வந்தால் அதைத் தாங்குவது சுழன்றுகொண்டிருக்கும் கனமான இயந்திரங்கள். அன்று அவை குறைவாக ஓடின. நிலக்கரி நிலையத்தை அணைத்து எழுப்ப நெடுநேரம் வேண்டும். நீர்ச் சுழலி சில நிமிடங்களில் எழும், வாயுச் சுழலி அதைவிடச் சற்றுத் தாமதித்து எழும். ஆகவே சூரிய ஒளி கூடக் கூட, அந்தி வேளையைத் தாங்கும் மலை நீருக்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

எமது கைகளில் உள்ளது

குறை சொல்வதோடு நிறுத்தினால் நாம் நேர்மையாக எழுதியவர்களாக மாட்டோம். நீர்த்தேக்கத்தின் எதிரி வறட்சி மட்டுமல்ல, மண்ணும்தான். நுவரெலியா, தலவாக்கலைச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் லீக்சும் கரட்டும் போடுகின்ற நாம் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிக்கிறோம். ஒரு கடும் மழை போதும், ஆறு செந்நிறமாகிவிடும். அந்த மண் அணைக்குள் படிந்து நீரின் இடத்தைப் பிடிக்கிறது. பத்து லொறி மண் போன இடத்தில் பத்து லொறித் தண்ணீர் நிற்காது. குறுக்கு வரம்பும் கல் அணைப்பும் புல் வரிசையும் முதலில் எமது காணியைக் காக்கின்றன. கூடவே அவை நாட்டுக்கு எண்ணெயையும் மிச்சம் பிடிக்கின்றன. அதற்குக் கூலி கேட்பது பிச்சை கேட்பதாகாது. மேலே சொன்ன ஆயிரம் லீற்றர்க் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வரம்பு கட்டும் செலவில் மின்சாரத் துறை ஏன் பங்கெடுக்கக் கூடாது என்று விவசாயச் சங்கங்கள் எழுத்தில் கேட்கலாம். நாம் இணைந்து வேலை செய்யும் இரண்டு சங்கங்கள் அப்படியொரு கடிதம் தயாரித்து வருகின்றன. வேண்டியோருக்கு மாதிரி தருவோம்.

மகாவலிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதி தீர்மானமாகிறது. வழக்கமாக அங்கே அணையின் மட்டத்தைக் கேட்கிறோம். இனி இன்னும் இரண்டைக் கேளுங்கள்: இந்தப் போகத்துக்கு எண்ணெய் நிலையங்களில் எத்தனை ஓடக்கூடிய நிலையில் இருக்கின்றன? அவற்றுக்கு எத்தனை வாரத்து எரிபொருள் கையிருப்பில் உண்டு? அதிகாரி அக்கணமே விடை தரமாட்டார். கூட்டக் குறிப்பில் கேள்வி பதிவானால் போதும், அடுத்த கூட்டத்துக்கு விடையோடு வரவேண்டியிருக்கும்.

மலையிலே இருப்பவர்களுக்கு இன்னோர் எளிய வேலை. நீர்த்தேக்கங்களின் மட்டம் நாள்தோறும் வெளியிடப்படுகிறது, ஆனால் எமக்கு அதைவிடப் பழைய அளவுகோல் உண்டு. மவுசாக்கலையில் பழைய கோயிலின் சுவர் வெளியே தெரிந்தால் களனிதிஸ்ஸ புகையத் தொடங்கும். கொத்மலையில் மூழ்கிய கடதொர விகாரை தலைகாட்டினால் மகாவலி வலயத்திலுள்ள உறவினருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். விதைநெல் வாங்குமுன் நீர் திறக்கும் திகதியை மறுபடியும் விசாரிக்கச் சொல்லுங்கள்.